1130 கல்வெட்டுகளும் ஒரு வகுப்பறையும்



அறக்கட்டளை இந்த மண்ணுக்குப் பழைய சங்கதி. ஒருவர் ஆடாகவோ பொன்னாகவோ நிலமாகவோ ஒரு முதல் வைப்பார். முதல் குறையாமல், அதன் பலனைக் கொண்டு கோயிலில் நாள்தோறும் ஒரு விளக்கு எரிய வேண்டும். அதைக் கல்லில் வெட்டியும் வைத்துவிடுவார். புதுக்கோட்டைக் கல்வெட்டுகளில் கணிசமானவை இப்படிப்பட்ட ஏற்பாடுகள்தாம். இன்றைய இந்த அறக்கட்டளையில் விளக்குக்குப் பதில் ஒரு வாத்தியாரின் பேச்சு. எரிகிறதா, புகைகிறதா என்று கடைசியில் நீங்கள் சொல்லுங்கள்.

அழைப்பிதழில் தலைப்பைக் கொஞ்சம் கனமாகப் போட்டிருக்கிறார்கள்: 'கணினிவழி மூல ஆவணங்களும் வகுப்பறைக் கற்பித்தலும்'. மூல ஆவணம் என்றால் ஒன்றும் பெரிதில்லை. ஒரு காரியம் நடந்த காலத்திலேயே, அந்தக் காரியத்தை ஒட்டி உண்டான சான்று. கல்வெட்டு, செப்பேடு, ஓலை, பத்திரம், கடிதம், பழைய நாளிதழ், புகைப்படம், கடைக்கணக்கு நோட்டு எல்லாம் அதில் சேரும். பாடநூல் அதில் சேராது. பாடநூல் என்பது அந்தச் சான்றுகளை யாரோ படித்து, யாரோ சுருக்கி, யாரோ திருத்தி, கடைசியில் மாணவன் கைக்கு வரும் முடிவு. நம் பிள்ளைகளுக்கு நாம் முடிவை மட்டும் கொடுக்கிறோம், வழக்கைக் கொடுப்பதில்லை. என் பேச்சின் சாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்கு நம் மாவட்டத்திலிருந்து நான் எடுத்துவைக்கும் சாட்சிகள்.

1929ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஆறு வயதுச் சிறுவரான ராஜகோபாலத் தொண்டைமான் பட்டத்துக்கு வந்திருந்தார். அந்த நேரத்தில் சமஸ்தானம் ஒரு தடித்த நூலை அச்சிட்டது. தன் எல்லைக்குள் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்து, அரச மரபு வாரியாக அடுக்கி, 1130 கல்வெட்டுகளின் மூலவாசகத்தை அப்படியே வெளியிட்டது. கால வரிசைப் பட்டியல் ஒன்றும் உடன் வந்தது. 1940களில் கே. ஆர். சீனிவாச ஐயர் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார். இதற்கெல்லாம் முன்பே, 1916இல், மன்னர் கல்லூரி முதல்வராக இருந்த எஸ். ராதாகிருஷ்ண ஐயர் சமஸ்தானத்தின் வரலாற்றை எழுதியிருந்தார். பின்னால் கே. ஆர். வேங்கடராம ஐயரின் கையேடு பல பகுதிகளாக வந்தது. இவ்வளவு சிறிய நிலப்பரப்புக்கு இவ்வளவு அச்சிட்ட சான்று உள்ள இடங்கள் இந்தியாவில் குறைவு என்பது என் எண்ணம்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அந்த 1929 நூலைக் கண்ணால் பார்ப்பதே பெரும்பாடு. பெரிய நூலகத்துக்குப் போய், பூட்டிய அலமாரியைத் திறக்கச் சொல்லி, நூலகர் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பக்கம் புரட்ட வேண்டும். இன்றைக்கு அது இணைய ஆவணக் காப்பகத்தில் படவடிவில் கிடக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் 2017 முதல் இயங்குகிறது. தமிழ் நூல்களின் மின்பதிப்புக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஈழத்து நூல்களுக்கு 2005 முதல் நூலகம் என்ற திட்டம் இருக்கிறது. அரசு மேல்நிலைப் பள்ளியில் ஹைடெக் லேப் இருக்கிறது. வகுப்பறைச் சுவரில் ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது. பாடநூலிலேயே கியூஆர் கோடு அச்சாகிறது. அலமாரிப் பூட்டு திறந்துவிட்டது என்றே சொல்லலாம்.

திறந்த பிறகு என்ன செய்கிறோம்? ஸ்கேன் பக்கத்தைத் திரையில் போடுகிறோம். "இதுதான் கல்வெட்டு" என்கிறோம். பிள்ளைகள் "ஓ" என்கிறார்கள். அடுத்த பக்கம் போகிறோம். கரும்பலகை இருந்த இடத்தில் கண்ணாடிப் பலகை வந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. இதற்கு இவ்வளவு மின்சாரம் எதற்கு?

1991இல் அமெரிக்காவில் சாம் வைன்பர்க் என்ற ஆய்வாளர் ஒரு சோதனை நடத்தினார். அமெரிக்கப் புரட்சியின் தொடக்கச் சண்டை பற்றிய சில ஆவணங்களை வரலாற்று அறிஞர்களிடமும் நன்றாகப் படிக்கும் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, படிக்கும்போது மனத்தில் ஓடுவதை உரக்கச் சொல்லச் சொன்னார். மாணவர்கள் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரியில் முடித்தார்கள். அறிஞர்களோ வாசகத்தைத் தொடுவதற்கு முன்பே, இதை எழுதியது யார், எப்போது, யாருக்காக என்று தேடினார்கள். வித்தியாசம் அறிவின் அளவில் மட்டும் இல்லை, பழக்கத்தில் இருந்தது. அந்தப் பழக்கத்தைப் பள்ளியிலேயே ஏற்படுத்தலாம் என்று அங்கே பிறகு பாடத்திட்டங்களே உருவாயின. நாம் அங்கிருந்து பாடத்திட்டத்தை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பத்திரப் பதிவு அலுவலக வாசலில் நிற்கும் நம் ஊர்ப் பெரியவர் எவரும் பத்திரத்தை வாங்கியவுடன் முதலில் பார்ப்பது எழுதிக் கொடுத்தவர் யார், சாட்சி யார், தேதி என்ன என்பதைத்தான். அந்தச் சந்தேகப் புத்தி வகுப்பறைக்குள் வந்தால் போதும்.

நான் பணியாற்றிய ஒரு கிராமப் பள்ளியில், ஒன்பதாம் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். விளக்குத் தானக் கல்வெட்டு ஒன்றின் வாசகத்தை அச்செடுத்துப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். நந்தாவிளக்கு ஒன்றுக்குப் பொதுவாக 96 ஆடு, சில இடங்களில் 90 ஆடு வைப்பது சோழர் கால வழக்கம். ஆட்டைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கணக்குப் போடச் சொன்னேன். நாலு உழக்கு ஒரு நாழி. ஆண்டுக்கு 365 உழக்கு என்றால் 91¼ நாழி. 96 ஆட்டுக்குப் பங்கிட்டால் ஆடு ஒன்றுக்கு ஆண்டுக்கு ஒரு நாழி நெய்கூட வராது. 90 ஆடு என்றால் ஒரு நாழிக்குச் சற்றே மேல்.

"ரொம்பக் குறைச்சலா இருக்கே, ஏன்?" என்று கேட்டேன். முதல் வரிசை வாய் திறக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். வீட்டில் கிடை போடுகிறவர்கள். "சார், செம்மறி வருசம் பூரா பால் குடுக்காது சார். குட்டி போட்டாத்தான். அதுலயும் குட்டி குடிச்சது போக மிச்சந்தான்."

"சரி, அதுக்காக 96 எதுக்கு?"

"சாகுறது, கெடாயாப் பொறக்குறது, நோவுல போறது எல்லாம் சேத்துத்தான சார் வச்சிருப்பாங்க. மந்தை குறையக் கூடாதுல்ல?"

கல்வெட்டுகளில் இந்த ஆடுகளுக்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகவும் சாகாது, கிழடாகவும் ஆகாது. அதாவது எந்த ஆடு செத்தாலும் எண்ணிக்கை குறையாமல் இடையர் காத்து வர வேண்டும். அந்தச் சொற்றொடரின் பொருளை நான் சொல்வதற்கு முன்பே அவன் கண்டுபிடித்துவிட்டான். கோயிலின் முதலுக்கு நட்டம் வராமல் முழுப் பாரமும் ஆடு மேய்ப்பவர் தலையில் விழுந்திருக்கிறது என்பதையும் அடுத்த கேள்வியில் ஒரு மாணவி சொன்னாள். "ஆடு செத்தா சாமிக்கு நட்டமில்ல, அவருக்குத்தான" என்று. சோழர் பொருளாதாரம் பற்றிய என் பழைய குறிப்பேடு முழுவதிலும் இந்த இரண்டு வாக்கியம் இல்லை.

இதில் கணினியின் பங்கு என்ன என்று கேட்பீர்கள். அந்த நூல் படவடிவில் இல்லாவிட்டால் எனக்கு அந்த வாசகமே கிடைத்திருக்காது. அதைவிட முக்கியம், ஒரே பிரிவேளையில் நாலு ஊர் விளக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தது. ஓர் ஊரில் ஆடு, இன்னோர் ஊரில் கழஞ்சுப் பொன், வேறோர் ஊரில் நிலம். ஏன் இப்படி என்று கேட்டால் வகுப்பு தானே நடக்கும். கலம், குறுணி, நாழி, வேலி, மா என்ற அளவுகள் வரும்போது கணக்கு ஆசிரியரையும் கூப்பிட்டுக்கொள்ளலாம். வரலாற்றுப் பாடவேளைக்குக் கணக்கு வாத்தியார் விரும்பி வந்து உட்கார்வது அபூர்வ நிகழ்ச்சி. அதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்து குடுமியான்மலை. 1904இல் வெளியுலகத்துக்குத் தெரியவந்த இசைக் கல்வெட்டு. சிகாநாதர் கோயிலின் பின்புறம், குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில், பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பகுதிகளாக, சுரக் கோவைகள் வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. இந்திய இசை வரலாற்றில் இதற்கு ஈடு சொல்ல இன்னொரு கல் இல்லை. பி. ஆர். பண்டார்கர் இதை எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு இதழின் 12ஆம் தொகுதியில் பதிப்பித்தார்; அந்தத் தொகுதியும் இன்று இணையத்தில் கிடைக்கிறது.

இதை மகேந்திரவர்ம பல்லவன் வெட்டுவித்தான் என்று பல நூல்களில் படித்திருப்பீர்கள். போட்டித் தேர்வுக் கையேடுகளில் ஒரு மதிப்பெண் வினாவாகவே இருக்கிறது. கல்வெட்டின் முடிவுரையை மாணவர் முன் வையுங்கள். உருத்திராசாரியரின் மாணவரும் பெரும் சிவபக்தருமான ஓர் அரசர், மாணவர்களின் நன்மைக்காக இவற்றை இயற்றினார் என்ற செய்தி மட்டுமே அங்கே உண்டு. அரசர் பெயர் இல்லை. மகேந்திரன் என்பது அறிஞர்களின் ஊகம். ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. "அப்ப பரீட்சையில என்ன சார் எழுதுறது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். பரீட்சையில் மகேந்திரவர்மன் என்றே எழுதச் சொல்லுங்கள், மதிப்பெண் முக்கியம். ஆனால் கல்லில் பெயர் இல்லை என்று தெரிந்துகொண்டு எழுதுகிற பிள்ளைக்கும் தெரியாமல் எழுதுகிற பிள்ளைக்கும் நடுவில் ஒரு கல்விமுறையின் தூரம் இருக்கிறது.

ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் நான் அடிக்கடி சொல்வது ஒன்று உண்டு. 'மாணவர் நலனுக்காக' என்று கல்லிலேயே எழுதிவைத்த பாடம் நம் மாவட்டத்தில் இருக்கிறது. பதின்மூன்று நூற்றாண்டுகளாக மழையில் நனைந்துகொண்டு மாணவர்களுக்காகக் காத்திருக்கிறது. நாம் அங்கே சுற்றுலா போய், குரங்குக்குக் கடலை போட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

நார்த்தாமலைக்கு வாருங்கள். மேலமலையில் விசயாலய சோழீசுவரம். பெயரைக் கேட்டவுடன் சோழர் குலத்தை மீட்டெடுத்த விசயாலயன் கட்டியது என்று சொல்லிவிடுவோம். அங்கேயுள்ள பழைய கல்வெட்டு வேறு ஒரு கதை சொல்கிறது. சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையர் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் அதைப் புதுப்பித்தான் என்று அது கூறுகிறது. இவர்கள் முத்தரையர் தொடர்புடைய தலைவர்கள். கோயிலின் இன்றைய பெயரோ பிற்காலக் கல்வெட்டால் வந்து நிற்பது. அப்படியானால் கட்டியவர் யார்? அறிஞர்களே இரண்டு கட்சி. பத்தாம் வகுப்பு மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து, இரண்டு வாசகங்களையும் கையில் கொடுத்து, 'உன் கட்சிக்கு என்ன சான்று?' என்று மட்டும் கேளுங்கள். பட்டிமன்றம் நம் ரத்தத்தில் ஊறியது. தலைப்பு மட்டும் நல்லதாகக் கொடுத்தால் போதும்.

திருமயம் இன்னும் சுவையானது. ஒரே பாறையில் சிவனுக்கு ஒரு குடைவரை, திருமாலுக்கு ஒரு குடைவரை. இரு கோயிலாருக்கும் நெடுநாள் தகராறு. 13ஆம் நூற்றாண்டில், ஒய்சளத் தளபதி அப்பண்ண தண்டநாயக்கர் இப்பகுதியில் இருந்த சமயத்தில், நாட்டார் முதலானோர் கூடிப் பேசி உடன்பாடு கண்டார்கள். வருமானம், நிலம், சுவர் என்று எதெது யாருக்கு என்று கல்லில் எழுதிவைத்தார்கள். இதை நான் பாடமாக நடத்தியதே இல்லை, பஞ்சாயத்தாக நடத்தியிருக்கிறேன். சிவன் கோயில் தரப்பு, பெருமாள் கோயில் தரப்பு, நாட்டார், நடுவர். முதலில் பிள்ளைகளே தீர்ப்புச் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் கல்வெட்டின் தீர்ப்பைத் திரையில் காட்டுவேன். முன்னாலேயே காட்டிவிட்டால் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகி அதையே ஒப்பிப்பார்கள். ஆவணத்தை எப்போது காட்டுவது என்பது எந்த ஆவணத்தைக் காட்டுவது என்பதைப் போலவே முக்கியம். ஸ்மார்ட் போர்டு விற்பவர்கள் இதைச் சொல்லித் தருவதில்லை.

இடையூறுகளைப் பற்றியும் பேச வேண்டும். முதலாவது, தேடல். 1929 நூல் படமாகத்தான் இருக்கிறது. கிரந்தமும் பழைய எழுத்தும் கலந்த பக்கங்களைக் கணினி எழுத்தாகப் படிக்கும்போது தப்பும் தவறுமாக வருகிறது. 'குளத்தூர்' என்று தட்டினால் கிடைக்காது. நூல் அரச மரபு வரிசையில் இருக்கிறது. நம் பிள்ளைக்கு வேண்டியதோ ஊர் வரிசை. ஆகவே யாராவது ஒருவர் உட்கார்ந்து, ஒன்றியம் வாரியாக, பள்ளி வாரியாக அதை மாற்றி அடுக்க வேண்டும். கோடை விடுமுறையில் நாலைந்து ஆசிரியர்கள் சேர்ந்தால் முடிகிற வேலை.

இரண்டாவது, எழுத்து. கல்வெட்டில் பெரும்பாலும் புள்ளி இருக்காது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடு காட்டப்படுவதில்லை. பிள்ளைகள் பயந்துபோவார்கள் என்று நினைத்தேன். கைப்பேசியில் புள்ளி வைக்காமல், அரைகுறையாகத் தட்டச்சு செய்து பழகிய தலைமுறை இது. நம்மைவிட வேகமாக ஊகித்துப் படிக்கிறார்கள்.

மூன்றாவதுதான் முக்கியமானது. திரையில் தெரிவது கல் அன்று. கல்லின் மேல் தாளை ஒட்டி மை ஒற்றி எடுத்தார் ஒருவர். அந்த மைப்படியைப் பார்த்துப் படித்தார் ஒருவர். அச்சுக் கோத்தார் ஒருவர். பல பத்தாண்டுகள் கழித்து அதை ஸ்கேன் செய்தார் ஒருவர். நாலு கை மாறி வந்த சரக்கு. ஒவ்வொரு கையிலும் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கலாம், ஏதோ ஒன்று சேர்ந்திருக்கலாம். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்துச் சமணர் படுக்கையிலுள்ள தமிழி எழுத்தையே பாருங்கள். அதே கல், அதே கோடுகள். முந்தைய அறிஞர்கள் ஊர்ப்பெயரைக் குமட்டூர் என்று படித்தார்கள். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட நூலில் குமுழூர் என்று படித்தார். இரண்டு வாசிப்பையும் கல்லின் ஒளிப்படத்தையும் மாணவர் முன் சேர்த்து வையுங்கள். அறிஞர்களும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிற மனிதர்கள்தாம் என்று தெரியும்போது பிள்ளைகளுக்கு வரும் துணிச்சலே தனி.

அதனால் திரையோடு நிற்காமல் கல்லிடமும் போக வேண்டும். நம் மாவட்டத்தில் எந்தப் பள்ளியிலிருந்தும் மிதிவண்டி தூரத்தில் ஏதோ ஒரு சான்று இருக்கும். கோயில் இல்லாவிட்டால் கண்மாய் இருக்கும். மடையில், கலிங்கில், குமிழித் தூம்பின் கல்லில் அதை நிறுவியவர் பெயர் இருக்கும். நீர் வரும் வழியைக் கட்டியவர்கள் தங்கள் பெயரைத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். கோடையில் கண்மாய் வற்றும்போதுதான் சிலவற்றைப் படிக்க முடியும். போகும்போது ஓர் எச்சரிக்கை: கல்வெட்டின் மேல் சாக்பீஸ், சுண்ணாம்பு, மாவு, எண்ணெய் எதையும் தேய்க்காதீர்கள். காலை மாலைச் சாய்வெயில் போதும். நிழலான இடமென்றால் கைப்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்து எழுந்து நிற்கும். ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இப்படித்தான் மாணவர்களைக் களத்துக்கு அழைத்துப்போய்க் கல்வெட்டு படிக்கப் பழக்கியது. அங்கே நடந்தது இங்கே நடக்காமல் இருக்கக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இணையத்தில் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. இந்திய மின்னூலகம் என்று அரசு நடத்திய தளத்தில் லட்சக்கணக்கான நூல்கள் இருந்தன. ஒரு கட்டத்தில் தளமே மூடிக்கொண்டது. வேறு இடத்தில் பிரதி எடுத்து வைத்தவர்களால்தான் பல நூல்கள் தப்பின. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு ஆளானது. அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான அதன் திட்டத்தின் மூலம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் படமெடுத்த பஞ்சாயத்துத் தீர்ப்புப் பத்திரங்களும் அதன் தளத்தில் இருந்தன. அவையெல்லாம் நெடுநாள் எட்டாக்கனியாயின. மறு ஆண்டு அக்டோபரில் இணைய ஆவணக் காப்பகமும் தாக்கப்பட்டுச் சில நாள் முடங்கியது. வகுப்புக்கு வேண்டியதை முன்கூட்டியே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்வதுதான் வாத்தியாருக்கு அழகு. மின்சாரம் போனாலும் நடத்துகிற மாதிரி நாலு தாள் அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை மேடையில் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் சொல்லாமல் விடக்கூடாது. மூல ஆவணம் நல்லதை மட்டும் சொல்லாது. நிலம் யாருக்கு, குடியிருப்பு எங்கே, யார் எந்த எல்லைக்கு அப்பால் என்பதெல்லாம் அதில் பச்சையாக எழுதியிருக்கும். மனிதர்களை விற்றதும், கோயிலுக்கு அடிமையாகக் கொடுத்ததும் கல்லில் இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தீண்டாச்சேரி என்ற பெயர் இருக்கிறது. கிராமத் தீர்ப்புப் பத்திரங்களில் சாதிப் பெயர்கள் வசவாகவே வரும். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்ததைச் சுமக்கிற மாவட்டம் இது. எந்த வகுப்பறையிலும் இரண்டு தெருப் பிள்ளைகளும் அருகருகே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஆவணத்தை மறைத்தால் பொய் சொல்கிறோம். முன்பின் பேசாமல் திரையில் எறிந்தால் ஒரு பிள்ளையைக் கூனிக் குறுக வைக்கிறோம். என் வழி இது: ஆவணத்தை எழுதியவர் யார், அதில் பேச இடம் கிடைக்காதவர் யார் என்ற கேள்வியை முதலில் பழக்கிவிட்டு, பிறகுதான் அதைக் கொடுப்பேன். முதல் மாதத்தில் கொடுக்க மாட்டேன். யாருடைய குடும்பப் பெயராவது இன்றும் அடையாளம் தெரிகிற பிற்காலப் பத்திரங்களை வகுப்பில் கொடுக்கவே மாட்டேன்.

சமஸ்தானத்து இனாம் நிலப் பதிவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நிக்கோலஸ் டர்க்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் இங்கே வந்து, அந்தப் பதிவுகளில் மூழ்கி, 1987இல் வெளியிட்ட நூல் இந்திய அரசு, சாதி பற்றிய விவாதத்தையே அசைத்தது. அதன் முடிவுகளோடு எனக்கு எல்லா இடத்திலும் உடன்பாடில்லை. ஆனால் ஒரு வெளிநாட்டவர் நம் ஊர்த் தாசில் கட்டுகளில் ஒரு நாட்டின் வரலாற்றைப் பார்க்கிறார், நாம் அவற்றில் தூசியைப் பார்க்கிறோம் என்பது உறுத்தத்தான் செய்கிறது.

மூல ஆவணம் என்றால் பழையதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தது. ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். மாலையில் எழுத்துக் கற்ற பெண்கள் காலையில் சைக்கிள் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்கள், விவசாயக் கூலிப் பெண்கள், செவிலியர், ஆசிரியைகள் என ஊர் ஊராகச் சைக்கிளில் வந்தார்கள். பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதிய கட்டுரை, வட இந்தியாவில் எட்டாம் வகுப்பு இந்திப் பாடநூலில் பாடமாக இடம்பெற்றது. நம் பெண்களின் கதையை அங்கே பிள்ளைகள் படித்தார்கள். இங்கே அந்தப் பெண்கள் பாட்டிகளாகி, ரேஷன் கடை வரிசையில் நிற்கிறார்கள். அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் அறிவொளிப் பாடநூல் இருக்கும். ஓரம் மடங்கிய புகைப்படம் இருக்கும். முதன்முதலில் போட்ட கையெழுத்து எங்காவது ஒரு நோட்டில் இருக்கும். இவையெல்லாம் மூல ஆவணங்கள். பேரப்பிள்ளை கைப்பேசியில் படமெடுத்து, பாட்டியிடம் கேட்டு, பெயர், ஊர், தேதி, யார் எடுத்தது என்று கீழே எழுதினால் அது மின்னாவணம் ஆகிவிடும். பாட்டி அனுமதித்தால் மட்டும் வெளியே காட்ட வேண்டும். அனுமதி கேட்பதும் பாடத்தில் சேர்த்தி.

சேர்த்து வைப்பது எப்படி என்று பார்க்க வேண்டுமானால் நம் ஊர் திருக்கோகர்ணத்திலேயே பார்க்கலாம். 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் அங்கேதான் இருக்கிறது. கற்பிக்கும் பணியில் இருந்துகொண்டே கிருஷ்ணமூர்த்தி – டோரதி இணையர் நூல் நூலாகச் சேர்த்து வளர்த்த ஞானாலயாவும் அங்கேதான் இருக்கிறது. முதற்பதிப்புகளும் பழைய இதழ்களும் அங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. பக்கத்துச் சீமையான கோட்டையூரில், விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள்தாம் பின்னால் சென்னையில் பெரும் ஆய்வு நூலகமாயின. இவர்கள் யாருக்கும் அரசாணை வரவில்லை, நிதி ஒதுக்கீடு வரவில்லை. இப்போது எல்லாப் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது.

வேலைப்பளுவைப் பற்றி நீங்கள் கேட்கப்போவது தெரியும். எமிஸ் பதிவு, பயிற்சி, தேர்ச்சி விழுக்காடு என்று உங்கள் கழுத்தில் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. ஆண்டு முழுவதும் இப்படி நடத்துங்கள் என்று நான் கேட்கவில்லை. பருவத்துக்கு ஓர் ஆவணம். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். விளக்கத்தைக் கடைசிவரை வாயில் அடக்கி வையுங்கள். நமக்கு அதுதான் கஷ்டம்.

இந்த அறக்கட்டளையாரிடமும் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு என்னைப் போல ஒருவரை மேடையேற்றுவதோடு நிற்காமல், 1130 கல்வெட்டுகளையும் ஊர் வாரியாகவும் பள்ளி வாரியாகவும் அடுக்கி, இன்றைய எழுத்தில் வாசகத்தையும் ஒரு நல்ல ஒளிப்படத்தையும் சேர்த்து, யாரும் விலையின்றி இறக்கிக்கொள்ளும்படி வெளியிட ஏற்பாடு செய்யுங்கள். ஆசிரியர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். இன்றிரவே அந்த 1929 நூலைத் திறந்து உங்கள் பள்ளிக்குப் பக்கத்து ஊரின் பெயரைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடுங்கள். கிடைத்ததை அச்செடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வகுப்புக்குப் போங்கள்.